வேரிகேட்டட் செடியில் புதுக்குருத்து ஏன் கருகிப்போய் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்ஸ்டெரா ஆல்போ, பிங்க் பிரின்சஸ் பிலோடெண்ட்ரான், சிங்கோனியம் ஆல்போ, அல்லது எல்லார் வீட்டிலும் இருக்கிற மார்பிள் குயின் மணி பிளான்ட், இப்படி இலையில் பச்சையோடு வெள்ளையோ வேறு நிறமோ கலந்து வரும் வேரிகேட்டட் செடி எதுவானாலும் சரி. மூன்று வாரம் காத்திருந்து பார்த்த குருத்து, விரியும்போதே ஓரம் பழுப்பாகவோ சுருண்டோ கிழிந்தோ வந்தால் மனசு விட்டுப்போகும். நான் சென்னையில் இரண்டாவது மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியில் இந்தச் செடிகளை வளர்க்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

இலை இன்றைக்குத்தான் விரிந்தது, அதற்குள் எப்படிக் கருகியது?

இன்றைக்குக் கருகவில்லை. இதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நீங்கள் இன்று பார்க்கும் பழுப்பு, அந்த இலை இன்னும் பென்சில் மாதிரி சுருண்டு, உறைக்குள்ளே உருவாகிக்கொண்டிருந்தபோது நடந்தது. மான்ஸ்டெராவில் இது இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய கதையாக இருக்கும், மெதுவாக வளரும் செடியில் இன்னும் முன்னால். அதனால் "நேற்று என்ன செய்தேன்" என்று யோசிப்பதில் பயனில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் செடிக்கு என்ன ஆயிற்று, தொட்டி மாற்றினீர்களா, ஊருக்குப் போய் தண்ணீர் விடாமல் காயப்போட்டீர்களா, உரம் அதிகமாகப் போட்டீர்களா என்று காலண்டரைப் பின்னால் புரட்டிப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, விரிந்துவிட்ட இலையைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. இன்றைக்குச் செய்யும் வைத்தியமெல்லாம் அடுத்த குருத்துக்குத்தான்.

பச்சை பாகம் நன்றாகத்தானே இருக்கிறது, வெள்ளை மட்டும் ஏன் போகிறது?

வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, தனக்கு வேண்டிய உணவை அதனால் தயாரிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் பச்சைத் திசு சமைத்துப் போடுவதை வாங்கித்தான் வாழ்கிறது. செடிக்குத் தண்ணீரோ சத்தோ வேரோ கொஞ்சம் குறைந்தாலும் முதலில் கைவிடப்படுவது இந்தப் பகுதிதான். அதே செடியின் சாதாரணப் பச்சை வகை தாங்கிக்கொள்ளும் தவறை வேரிகேட்டட் வகை தாங்காது. பழைய இலையில் வெள்ளை ஓரம் பல மாதம் கழித்து மெல்லப் பழுப்பாவது வேறு விஷயம், அது அதன் வயது, அதைத் தடுக்கப் போராட வேண்டாம். புது இலையிலேயே வருகிறது என்றால்தான் தேட வேண்டும்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேதம் இலையில் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு லென்ஸ் வேண்டும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே அந்த மாதிரி 10 மடங்கு காட்டும் சின்ன லென்ஸ் போதும். இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகி, மெல்லிய காகிதம்போல் காய்ந்திருந்தால் வேரையும் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். உப்பு சேர்ந்திருக்கலாம், வேர் அழுகியிருக்கலாம், கால்சியம் குருத்துக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். வெள்ளி நிறத்தில் கோடு கோடாகச் சுரண்டினது போலவும் அதன்மேல் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது இலைப்பேன் (த்ரிப்ஸ் என்கிற சின்னப் பூச்சி), சந்தேகமே வேண்டாம். இலை தடித்து, விறைத்து, ஓரம் கீழ்நோக்கி வளைந்து, அளவில் சிறுத்து வந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இருக்க வாய்ப்பு அதிகம். மடிப்பு இருந்த இடத்தில் ஒரே நேர்கோட்டில் கிழிசல் என்றால் குருத்து விரிகிற நேரத்தில் காற்று மிகவும் வறண்டிருந்தது, அல்லது யாரோ தொட்டுவிட்டார்கள். ஈரமான கரும்பழுப்புத் திட்டும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் பூஞ்சையோ பாக்டீரியாவோ. குருத்து முழுசும் கறுத்து, தொட்டால் கழன்று வந்து நாற்றம் அடித்தால் தென்னையில் வருகிற குருத்தழுகல் மாதிரியான அழுகல். ஜன்னல் பக்கம் இருந்த இலைப்பாகம் மட்டும் வெளிறி, பிறகு பழுப்பானால் வெயில்.

ஒரே செடியில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். வேர் கெட்ட செடியைத் தேடித்தான் பூச்சியும் வருகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

கால்சியம் குறைவு என்கிறார்கள். முட்டை ஓடு போடலாமா?

முட்டை ஓடு கெடுதல் இல்லை, ஆனால் அது கரைந்து வேருக்குப் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நாலு குருத்து போய்விடும். அதைவிட முக்கியம், பல நேரம் மண்ணில் கால்சியம் இருந்தும் குருத்துக்குப் போவதில்லை என்பது.

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டும்தான் மேலே ஏறும். பழைய இலையில் இருப்பதைப் பிடுங்கிப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது. தழைச்சத்து, மக்னீசியம் எல்லாம் அப்படி இடம் மாறும், கால்சியம் மாறாது. பகலில் விரிந்த பெரிய இலைகள்தான் நிறையத் தண்ணீரை ஆவியாக்குகின்றன, அதனால் தண்ணீரும் கால்சியமும் அங்கேதான் இழுபடுகின்றன. சுருண்டிருக்கிற குருத்து ஆவியாக்குவதே இல்லை என்று சொல்லலாம், அதற்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். இரவில் நிலைமை மாறும். பெரிய இலைகள் இழுப்பது குறைந்து, வேரின் அழுத்தத்தால் தண்ணீர் மேலே தள்ளப்படும்போதுதான் குருத்துக்கு அதன் பங்கு வருகிறது. காலையில் மான்ஸ்டெரா இலை நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், வேர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தக்காளியில் காயின் அடி கறுத்துப்போவதும் லெட்டூஸ் கீரையில் உள்ளிலை ஓரம் கருகுவதும் இதே கதைதான்.

ஆக, வேர் நன்றாக இருக்க வேண்டும், தொட்டியில் உப்பு சேரக்கூடாது, மண் எலும்பாகக் காயவும் கூடாது, சொதசொதவென்று நிற்கவும் கூடாது. இந்த மூன்றும் சரியான பிறகுதான் கால்சியம் வாங்கிப் போடுவதற்கு அர்த்தம் உண்டு. உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டில் சுமார் 19 சதவீதம் கால்சியம் இருக்கிறது, எளிதில் கரையும். லிட்டருக்கு அரை கிராம், வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேரில் ஊற்றினால் போதும். எப்சம் உப்போடும் (மக்னீசியம் சல்பேட்) பாஸ்பேட் உரத்தோடும் கெட்டிக் கரைசலாக ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

கோகோபீட்டில்தான் வைத்திருக்கிறேன். அதில் பிரச்சினை உண்டா?

உண்டு. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும், கழுவாத கட்டியில் இன்னும் அதிகம். அதோடு அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்தப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். நீங்கள் ஊற்றுகிற கால்சியம் முதலில் கோகோபீட்டுக்குத்தான் போகிறது, செடிக்கு அப்புறம்தான். எனவே கட்டியை ஊறவைத்து, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், பிறகு கால்சியம் நைட்ரேட் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, மறுபடி அலசிப் பயன்படுத்துங்கள். பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைப் பாறைத் துகள்), பைன் பட்டை, கொஞ்சம் அடுப்புக்கரி சேர்த்தால் வேருக்குக் காற்று கிடைக்கும். தனி கோகோபீட்டில் மான்ஸ்டெரா ஆல்போவை வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

எங்கள் குடியிருப்பில் போர்த்தண்ணீருக்கு சாஃப்ட்னர் போட்ட வருடம், எட்டு மாதமாக எந்தக் குருத்தும் உருப்படியாக வரவில்லை. வெயில் என்று இடம் மாற்றினேன், பூச்சி என்று மருந்தடித்தேன், மண்ணை மாற்றினேன். கடைசியில்தான் புரிந்தது. சாஃப்ட்னர் என்ன செய்கிறது? தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குழாயில் உப்புக்கறை படியாது, துணிக்கு நல்லது, ஆனால் குருத்துக்கு வேண்டியதை எடுத்துவிட்டு வேண்டாததைக் கொடுக்கும் ஏற்பாடு அது. உங்கள் வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால் செடிக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்ல எண்ணம்தான். கணக்குப் பாருங்கள்: உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மில்லிகிராமில்) 600 என்று வையுங்கள், ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு இரண்டு பங்கு வெளியேறுகிறது என்றால் அந்த வெளியேறும் தண்ணீரில் டிடிஎஸ் கிட்டத்தட்ட 900. தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், வேரிகேட்டட் செடிக்கு ஊற்றக்கூடாது.

மழைத்தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூடியுள்ள டிரம்மில் பிடித்து வையுங்கள், கொசு வராமல் வலை கட்டி. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, ஆனால் அதில் தாது எதுவும் இல்லை, ஆர்ஓ நல்ல தண்ணீரிலும் அநேகமாக இல்லை. இவற்றை மட்டுமே ஊற்றினால் மேலே சொன்ன கால்சியம் நைட்ரேட்டும் கொஞ்சம் மக்னீசியமும் தனித்தனி நாளில் கொடுக்க வேண்டியிருக்கும். டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 200க்குள் இருந்தால் கவலை இல்லை, 500க்கு மேல் போனால் பாதிக்குப் பாதி மழைத்தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் ஓடவிட்டால் சேர்ந்த உப்பு வெளியேறும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். டிரசீனா, ஸ்பைடர் செடி, கலாத்தியா மூன்றுக்கும் ஃப்ளோரைடு ஆகாது, நுனி கருகும்.

இலைப்பேன் என்று தெரிந்துவிட்டது. எப்படி ஒழிப்பது?

ஒருமுறை மருந்தடித்து முடிகிற விஷயம் இல்லை. அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், ஒல்லியான உடல். தாய்ப்பூச்சி இலையின் சதைக்குள் முட்டையைச் செருகி வைக்கும், அங்கே மேலே தெளிக்கும் மருந்து போகாது. குஞ்சு வெளிர்மஞ்சளாக வெளியே வந்து, இளசாக, மென்மையாக, பாதுகாப்பாக எது இருக்கிறதோ அங்கே போகும், அதாவது சுருண்ட குருத்துக்குள். வளர்ந்ததும் பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது, அங்கேயும் இலைமேல் தெளிக்கும் மருந்து போகாது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் குறைந்தது நாலு முறை விடாமல் செய்ய வேண்டும், மூன்றாவது முறை "ஒன்றும் தெரியவில்லையே" என்று நிறுத்துபவர்களுக்குத்தான் அடுத்த மாதம் திரும்ப வருகிறது.

முதலில் செடியைத் தனியாக வையுங்கள். ஷவரில் இலையின் இரு பக்கமும், குருத்தின் இடுக்கும் நன்றாகக் கழுவுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் குழைத்து, பால்போல் ஆன பிறகு மாலையில் தெளியுங்கள். வெள்ளை அதிகமுள்ள செடிக்கு 3 மி.லி.யில் ஆரம்பித்து, ஓர் இலையில் சோதித்துவிட்டு மற்றதற்குப் போங்கள், எண்ணெய் மேல் வெயில் பட்டால் வெள்ளைப் பகுதி வெந்துவிடும். அதில் அடங்கவில்லையென்றால் ஸ்பினோசாட் என்கிற பூச்சிமருந்து, லேபிளில் உள்ள அளவுக்கு மிஞ்சாமல். தேனீக்கு அது ஆபத்து, பால்கனியில் பூச்செடி இருந்தால் தேனீ வராத நேரத்தில் அடியுங்கள். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் குறைகிறதா கூடுகிறதா என்று கணக்குத் தெரியும், அட்டை மட்டுமே ஒழித்துவிடாது.

பூச்சியே தெரியவில்லை, ஆனால் மூன்றாவது குருத்தும் கோணலாகத்தான் வருகிறது.

மிளகாய் பயிரிடுபவர்களுக்கு முரணை என்றால் தெரியும். இலை சுருங்கி, கீழே வளைந்து, காம்பு நீண்டு நிற்கும். அதைச் செய்யும் முரணைச் சிலந்தியே வீட்டுச் செடிகளின் குருத்திலும் உட்காருகிறது. 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணில் படாது. நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் கேட்கும், ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது கூடாது. சித்திரை, வைகாசியில் சென்னையில் இதற்கு நேரம் பார்ப்பதே கஷ்டம், ராத்திரி வீட்டுக்குள் வைத்துத்தான் செய்ய முடியும். கோணலான இலை நிமிராது, அடுத்தது ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

இலைக்காம்பில் சிவப்பாகப் பிசுபிசுப்பு, எறும்பும் வருகிறது. இதுவும் பூச்சியா?

பிலோடெண்ட்ரான் என்றால் பெரும்பாலும் இல்லை, அது செடியே சுரக்கும் தேன். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். எறும்பு விடாமல் ஏறி இறங்கினால் மட்டும் இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறதா பாருங்கள்.

குருத்து பாதியில் சிக்கி நிற்கிறது. இழுத்துவிடலாமா?

வேண்டாம். வாழைக்குருத்தை விரித்துப் பார்த்த கைப்பழக்கம் நமக்கு உண்டு, இங்கே அது வேண்டாம், நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளையில் பழுப்புக்கோடாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை உறையின்மேல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள், இரண்டு மூன்று நாள் செய்தால் தானே வழுக்கிக்கொண்டு வரும். பத்து நாளுக்கு மேல் அசையவே இல்லையென்றால், காய்ந்த உறையை மட்டும் மேலிருந்து மெல்ல நெகிழ்த்துங்கள், இலையைத் தொடாமல்.

தினமும் ஸ்பிரே செய்கிறேன், இருந்தும் ஓரம் காய்கிறது.

ஸ்பிரே பண்ணின ஈரம் அரைமணி நேரத்தில் போய்விடும். குருத்தின் உறைக்குள் தேங்கின தண்ணீர் மட்டும் போகாது, அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சென்னையில் கடல் காற்று உள்ள பால்கனியில் ஈரப்பதம் குறைவாக இருப்பது அபூர்வம். பிரச்சினை ஏசி அறையில்தான். ஏசி காற்று நேராகப் படும் இடத்திலிருந்து நகர்த்துங்கள், செடிகளைக் கூட்டமாக வையுங்கள், முடிந்தால் ஹியூமிடிஃபையர். 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. அதற்காகக் காற்றோட்டமில்லாத கண்ணாடி அலமாரியில் 95 சதவீதத்தில் அடைத்து வைத்தாலும் இலை ஆவியாக்குவது நின்று, கால்சியம் ஏறுவதும் நின்று, அதே கருகல் வரும். சின்ன ஃபேன் ஒன்று ஓடட்டும்.

எவ்வளவு வெளிச்சம்?

காலை எட்டரை மணி வரை வரும் வெயில் சரி. மேற்கு வெயில் ஆகாது, அக்னி நட்சத்திர நாட்களில் கிழக்கு வெயிலுக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பயந்துபோய் வீட்டு மூலையில் வைத்தால் பச்சைப் பகுதிக்கே சமைக்க வெளிச்சம் போதாமல், வெள்ளை பட்டினி கிடந்து பழுப்பாகும். எந்த இடமாற்றத்தையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

புது இலை கருகவில்லை, மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச்சத்து. மண்ணில் இல்லாமல் இருப்பதைவிட, கடினத் தண்ணீரால் காரத்தன்மை ஏறி வேரால் எடுக்க முடியாமல் போவதுதான் அதிகம். செலேட்டட் இரும்பு (வேர் எளிதில் எடுக்கும்படி செய்த இரும்பு உரம்) கொடுத்து, தண்ணீரையும் மாற்றுங்கள். பழைய இலையில் இதே மாதிரி வந்தால் மக்னீசியம்.

இது வைரஸாக இருக்குமா?

அலோகேசியா, கலேடியம், டிஃபன்பாக்கியா வகைகளில் டாஷீன் மொசைக் என்ற வைரஸ் உண்டு. இறகு மாதிரியான வெளிர்ப் பட்டைகள் நரம்பை ஒட்டி வரும், இலை கோணலாகும், சில மாதம் மறைந்து மறுபடி வரும். மருந்து இல்லை. அசுவினியாலும் வெட்டும் கத்தியாலும் பரவும். அப்படிச் சந்தேகம் இருக்கும் செடியிலிருந்து தயவுசெய்து யாருக்கும் தண்டு வெட்டிக் கொடுக்காதீர்கள், கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

கெட்டுப்போன இலையை வெட்டிவிடலாமா?

பாதிக்குமேல் பச்சை இருந்தால் விடுங்கள், அது இன்னும் செடிக்குச் சோறு போடுகிறது. அழுகல் இருந்தாலோ இலைப்பேன் முட்டை நிறைந்திருந்தாலோ வெட்டுங்கள். தொடர்ந்து மூன்று இலை முழு வெள்ளையாக வந்தால் அந்தத் தண்டு அதிக நாள் தாக்குப்பிடிக்காது. கடைசியாகப் பச்சையும் வெள்ளையும் கலந்து வந்த இலை எதுவோ அதன் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். அங்கே தண்டில் பச்சையும் வெள்ளையும் கோடுகளாக ஓடுவது தெரியும், அந்தக் கோடு தொடும் மொட்டிலிருந்துதான் கலந்த இலை வரும். முழுப் பச்சையாகத் திரும்பினாலும் இதே வைத்தியம்தான்.

புதிதாக வாங்கி வந்த செடியில் முதல் குருத்தே கெட்டுவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். பார்சலில் நாலு நாள் இருட்டில் இருந்து, வேர் அசைந்து வந்த செடிக்கு, ஏற்கெனவே உள்ளே உருவாகிக்கொண்டிருந்த முதல் இரண்டு குருத்துகள் கெட்டுப்போவது சகஜம். மூன்றாவது குருத்தை வைத்துச் செடியை எடை போடுங்கள். அதுவரை தொட்டி மாற்றாமல், உரம் போடாமல், மற்ற செடிகளிடமிருந்து மூன்று வாரம் தள்ளி வைத்து, வாரம் இருமுறை லென்ஸால் குருத்து இடுக்கைப் பாருங்கள். மண் புளித்த வாடை அடித்தால் மட்டும் உடனே வெளியே எடுத்து, அழுகின வேரை வெட்டிவிட்டுப் புதுக்கலவையில் வையுங்கள். தாய்லாந்து ஆய்வகத்திலிருந்து வந்த தாய் கான்ஸ்டெலேஷன் மான்ஸ்டெராவுக்கு வேரழுகல் சீக்கிரம் வரும், வாங்கின அன்றே அடித்துளை வழியாக வேரின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.